மூன்றாவது தாள்

இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
ரசாயன டின்களை மடியில் வைத்தபடி வந்தோம்
நானும் மாதையனும்.
பதினான்காவதில் அவன் வாந்தியெடுத்தான்.
அதற்கு மேலே பனி.
பஸ் ஹாரனைத் தவிர ஏற்காட்டில் வேறெதுவும் இருக்கவில்லை.

வீடு சரிவில் நிற்கிறது.
ரோட்டிலிருந்து பார்த்தால் ஒற்றைத் தளம்,
பள்ளத்திலிருந்து பார்த்தால் இரண்டு.
கீழறையின் முதுகு மலைக்குள்.
கருங்கல், சுண்ணாம்பு, அதன்மேல்
யாரோ அவசரத்தில் அப்பிய சிமெண்டு,
அதன்மேல் போன வருஷத்துப் பெயிண்ட், கொப்புளம் கொப்புளமாய்.
நகத்தால் கீறினேன். உள்ளே உப்பு,
எங்கள் ஊர் வெள்ளைக்கல் குவாரிப் புழுதிபோல.
நாக்கில் வைத்தால் மட்டும் வித்தியாசம் தெரியும்.

"மிளகு மூட்டையெல்லாம் பூஞ்சை புடிக்குது.
கீழ யாரும் படுக்கிறதில்லைங்க, ஸ்டோர்தான்"
என்றார் ஜெசிந்தா.
நான் கேட்கவேயில்லை.

பூசுவதற்கு முன் ஒரு சோதனை:
பாலித்தீன் தாளை முழ அளவு வெட்டி
நாலு ஓரமும் டேப் ஒட்டிச்
சுவரில் விட்டுவிட வேண்டும்.
இரண்டு நாள் கழித்து
தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால் மலை கசிகிறது.
முன்னால் ஈரம் என்றால்
அறையின் வெக்கை குளிர்ந்த சுவரில் வேர்க்கிறது.
இவ்வளவுதான். பத்து ரூபாய்கூட ஆகாது.

மூன்று தாள் ஒட்டினோம்.
முதல் தாளைப் பிரித்ததும் பின்னாலிருந்து தண்ணீர்
மணிக்கட்டு வழியே சட்டைக்குள் ஓடியது.
ஐப்பசி மழை முழுக்கக் காப்பிச் செடி வேரில் இறங்கி
இந்தக் கல்லில்தான் வந்து முட்டுகிறது.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது, மூட்டைகளுக்குப் பின்னால், மூலையில்:
பின்பக்கம் காய்ந்து கிடந்தது.
முன்பக்கம், முழங்கால் உயரத்தில்,
பொடிப்பொடியாய்த் துளிகள்.
அதற்கு நேர் கீழே ஒரு மூட்டையில்
தலை அளவுக்குப் பள்ளம்.
கொசுவர்த்திச் சாம்பல் சுருள் கலையாமல்.

மாதையன் என்னைப் பார்த்தான்.
நான் டேப்பைச் சுருட்டினேன்.

படியில் ஒருவர் நின்றிருந்தார்.
வீட்டுக்காரர். அவர் பெயரை
அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்கவில்லை.
கிட்டே வந்தார். ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்து
மூக்குக்கண்ணாடி துடைப்பதுபோலத் தாளைத் துடைத்தார்.
"இதையும் மலைத்தண்ணின்னே எழுதிருங்க."

எழுதலாம்.
மலைக்கு வைத்தியம் வேறு:
வெளியே ஆளுயரக் குழி, கல்லுக்குத் தார்ப்பூச்சு,
ஜல்லி, ஓட்டை போட்ட குழாய்,
வருகிற தண்ணீருக்குப் பள்ளத்தைக் காட்டிவிட்டால்
அது பாட்டுக்குப் போகும்.
உள்ளே கம்பி பிரஷ்ஷால் உப்பை உரித்து,
சுவரை நன்றாக நனைத்து
(ஈரத்தை அடைக்கத்தான், சிரிக்காதீர்கள்)
குறுக்கே ஒரு கோட்டு, நெடுக்கே ஒரு கோட்டு.
மூச்சுக்கு இதெல்லாம் பலிக்காது.
சுவருக்குப் போர்வை வேண்டும்.
தெர்மாகோல் பலகையை இடைவெளியே இல்லாமல் ஒட்ட வேண்டும்;
விரல் நுழைய இடமிருந்தால்
மூச்சு அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும்.
பிறகு, அது வெளியே போக ஒரு வழி.

எஸ்டிமேட்டில் யார் மூச்சென்று எழுதவில்லை.
மூன்றாம் சுவர்: பலகை, பூச்சு,
ஒன்றுக்கு ஒன்று வெண்டிலேட்டர்.

ஜெசிந்தா ஒவ்வொரு வரியாகப் படித்தார்.
"ஸ்டோருக்கு எதுக்குங்க காத்து?"
"மிளகுக்கு" என்றேன்.
பின்னால் மாதையன் டின் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

மூலையை எட்டிப் பார்த்தார். பள்ளத்தையும்தான்.
என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி
ஒன்றுக்கு ஒன்றை அடித்துவிட்டு
மூன்றுக்கு இரண்டு என்று எழுதினார்.
"கம்பி போடாதீங்க. கதவு வைங்க.
உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி."

கருங்கல்லில் மூன்றுக்கு இரண்டு!
நாலு டிரில் பிட் உடைந்தது.
அதற்குத் தனியாகக் காசு கேட்க
எனக்கு வாய் வரவில்லை.